அகராதியில ஏறுன புல்லட்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்க பாப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை காதுகுத்து. தேவதானப்பட்டியில மாங்கா மண்டி வச்சிருக்கிற என் மச்சினனுக்கு வெத்தலைபாக்குத் தட்டு வச்சு அழைக்கணும்.

தாய்மாமன் மடியில உக்காரவச்சுதான் காது குத்தணும். அவன் வரலைன்னா கம்மல் பெட்டியிலயேதான் கெடக்கும்.

சின்னமனூர்லருந்து நானும் வீட்டம்மாவும் தட்டோட போய் எறங்குனோம். "வாங்க"ன்னான். மொகத்துல சிரிப்பில்ல. காப்பி வந்துச்சு, அதுல சீனி இல்ல.

"மாமா, வட்டாரச் சொல்லு தேடுற அகராதின்னு நெட்ல ஒண்ணு இருக்காமே?"

போன வாரம் அதுல நானும் ஒரு சொல்லு ஏத்தியிருந்தேன். எடுத்துக்காட்டு கட்டாயம்னு கேட்டுச்சு. கைக்குக் கெடச்சவனப் போட்டுட்டேன்!

"நம்ம ஊர் பேரப் போட்டுத் தேடுனேன். கேளுங்க"ன்னு சத்தமா வாசிச்சான்.

"அலப்பறை: தேவையில்லாத பந்தா. எடுத்துக்காட்டு: தேவதானப்பட்டி மாப்ள பழைய புல்லட்ட வாங்கி, மாலை போட்டு, மார்க்கெட்ட மூணு சுத்து சுத்துன அலப்பறை தாங்கல."

"ஊர்ல எத்தனையோ மாப்ள இருக்காக!"

"புல்லட்டுக்கு மாலை போட்டது எத்தன பேரு மாமா?"

"யாரு எழுதுனாகளோ..."

"கீழ உங்க பேரு இருக்கு. கல்யாணப் போட்டோவும் இருக்கு. பக்கத்துல நிக்கிறது நாந்தான்!"

அழிச்சிரலாம்னு போன எடுத்தேன். ஏத்துனா உடனே ஏறுமாம். எடுக்கணும்னா மட்டும் பரிசீலனையாம்!

உதவிக்கு வீட்டம்மாவப் பாத்தேன். "என் தம்பியவா இப்பிடி எழுதுனீக?"ன்னு பொங்குனா.

"அக்கா, அதுக்கு மொத லைக்கே நீதான் போட்டிருக்க."

உடனே அவ, "காப்பி நல்லாருக்கு"ன்னா.

தட்ட நீட்டுனபடியே நின்னேன். "மாப்ள, புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். பாப்பாவுக்காக வாங்க."

மொறைச்சுப் பாத்தான். அப்புறம் தட்ட வாங்கிக்கிட்டான்.

"என் மருமகளுக்கு நான் வராம யாரு வருவா? சீரோட வாரேன். புல்லட்லதான் வருவேன். மாலையோட!"

எனக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க.

பஸ்ல ஏறி உக்காந்ததும் அகராதியில எங்க ஊரப் போட்டுத் தேடுனேன். புதுசா ஒண்ணு ஏறியிருந்துச்சு.

"பம்முதல்: மாட்டிக்கிட்டுப் பூனை மாதிரி நிக்கிறது. எடுத்துக்காட்டு: சின்னமனூர் மாமா வெத்தலைத் தட்டோட வந்து பம்முனாக."

மொத லைக்கு, இந்தத் தடவையும் வீட்டம்மாதான்.