சம்மர் லீக்கில் மாப்பிள்ளை பார்த்தேன்

பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. வரன் பார்க்கப் போனால் பஜ்ஜியைத் தின்போம், காபியைக் குடிப்போம், வீடு நல்ல காற்றோட்டம் என்று பாராட்டுவோம். செருப்பை மாட்டும்போது மட்டும் "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்போம். அந்த லெட்டர் வராது. வராது என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். சேலம் பக்கத்தில் இதை நம்பி யாரும் தபால்காரருக்காக வாசலில் காத்து நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த ஒரு வாக்கியத்தைக் கலிஃபோர்னியாவில், அதுவும் ஒரு பேஸ்கட்பால் அரங்கில், அதுவும் ஆறடி எட்டங்குலப் பையன் ஒருவனின் அம்மாவிடம் சொன்ன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஒரே மகள் மது, கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கும் டப்ளின் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அதிலும் எனக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் "ஃபைன்" என்ற அளவில் நின்றுவிடும். காலேஜில் புள்ளியியல் படித்து முடித்து அந்தக் கோடையில் வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்கு ஒரே ஆசைதான். நண்பர் ஒருவரின் கம்பெனியில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷ டிரைவ். காலையில் கார் சாவியைத் தேடி அவள் வீட்டைத் தலைகீழாக்குவதை இன்னும் சில வருஷமாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. (அந்த நண்பரிடம் அவளைக் கேட்காமலே "சரி" என்று சொல்லிவிட்டேன். அது தனிக் கதை.)

அவளுக்கோ பேஸ்கட்பால் வேலை வேண்டும். ஆடுவதற்கில்லை, ஆடுகிறவர்களை எடை போடுவதற்கு. டெக்சாஸில் ஒரு சின்ன டீம், பெரிய டீமுக்குப் போகுமுன் பையன்களைப் பழக்கி எடுக்கிற இடம், அவளிடம் சொல்லியிருந்தது: சாக்ரமென்டோவில் சம்மர் லீக் நடக்கிறது, ஒரு மேட்ச் பார்த்துவிட்டு எந்தப் பையன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடு, எங்கள் மேனேஜர் அங்கே வருவார், நேரில் பேசு.

சம்மர் லீக் என்றால் என்னவென்று எனக்கும் அப்போதுதான் தெரியும். சீசன் இல்லாத வெயில் காலத்தில் புதுப் பையன்களை ஆடவிட்டுப் பார்ப்பது. யார் ஜெயித்தால் யாருக்கென்ன என்ற மாதிரி ஆட்டம். பார்க்க வருகிறவர்கள் ஸ்கோரைப் பார்க்க மாட்டார்கள், பையனைப் பார்ப்பார்கள். மது டிவியில் ஒவ்வொரு மேட்சாகப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தாள். நான் சோபாவின் மறுமுனையில் போய் உட்கார்ந்தேன். பெரிய ஆட்டக்காரர்கள் ஆடும் மேட்ச் என்றால் எனக்கு யாரையும் தெரியாது என்பது இரண்டு நிமிஷத்தில் வெளியாகிவிடும். இங்கே யாரையும் யாருக்கும் தெரியாது. அதனால் எனக்குத் தைரியம்.

"பால் கையில இல்லாதப்ப என்ன பண்றான்னு பாருப்பா. பெஞ்சுல உக்காந்தா கோச் பேசறதக் கேக்கறானான்னு பாரு. தட்ஸ் த ரியல் டெஸ்ட்" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. "இது மாப்பிள்ளை பாக்கற வேலைடி. பையனோட சம்பளத்த எங்க பெரியப்பா கேக்கவே மாட்டார். காபி குடிச்ச டம்ளர எங்க வெக்கறான்னு பாப்பார்."

அவள் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு பாஷை கிடைத்தது. நல்ல ஆட்டக்காரன் என்றால் "கை நனைக்கலாம்." (சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் சாப்பாட்டில் கை வைக்கமாட்டோம் என்பதால்.) தேறாதவன் என்றால் "லெட்டர் போடறோம்." பல வருஷமாக என்னிடம் ஒற்றை வார்த்தை பேசிய பெண், ரிமோட்டை ஆட்டி ஆட்டி "அப்பா, திஸ் கை, லெட்டர் போடறோம்!" என்று கத்தினாள். என் மனைவி சுமதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாவும் பொண்ணும் யார் வீட்டுப் பையனக் கழிச்சுக் கட்டறீங்க?" என்றாள். அந்தக் கோடை முடியவே கூடாது என்று இருந்தது எனக்கு.

சாக்ரமென்டோவுக்கு நான்தான் கார் ஓட்டுவேன் என்று அடம் பிடித்தேன். மது ஒரு சின்ன வெப்சைட்டுக்கு எழுதிக்கொண்டிருந்ததால் இரண்டு பாஸ் வந்திருந்தது, ஒன்று போட்டோ எடுக்கிறவருக்கு. அவர் வரவில்லை. அந்தப் பாஸ் என் கழுத்துக்கு வந்தது. "பெரிய இடத்துக்குப் போறீங்க" என்று சுமதி நீல நிற முழுக்கைச் சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்தாள். அங்கே போய்ப் பார்த்தால் அரங்கு முழுக்க அரை டிராயர். பெல்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் பட்டை தொங்க, கேமரா இல்லாமல் வந்திருந்த போட்டோகிராபர் நான் ஒருவன்தான்.

எழுதுகிறவர்கள் வரிசையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. மது அங்கே போனாள். நான் பெஞ்சுக்குப் பின்னால் காலியாக இருந்த பகுதியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதுடைய ஒரு அம்மாள். பெயர் டெனீஸ், ஸ்டாக்டனிலிருந்து வந்திருக்கிறாள். முப்பத்தொன்றாம் நம்பர் தன் மகன் மார்கஸ் என்றாள்.

பையனின் அம்மாவே பக்கத்தில் கிடைத்தால் நம் ஊர்க்காரன் சும்மா இருப்பானா?

அப்பா என்ன பண்றார் என்று கேட்டேன். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். குடி, சிகரெட் உண்டா, சமைப்பானா, கோபம் வருமா, கோபம் வந்தால் எத்தனை நேரத்தில் அடங்கும் என்று கேட்டேன். வேறு எந்த அமெரிக்கப் பெண்மணியாக இருந்தாலும் எழுந்து வேறு இடம் பார்த்திருப்பாள். டெனீஸ் ஒவ்வொன்றுக்கும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, விவரமாகப் பதில் சொன்னாள். (ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வருகிறவர்களும் அச்சு அசலாக இதையேதான் கேட்பார்கள் என்று மது பிறகுதான் சொன்னாள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.)

நீங்கள் எந்த டீம் என்று கேட்டாள். "என் மகள்... டெக்சாஸ் டீம்" என்றேன். பெருமையில் நடுவில் சில வார்த்தைகள் விட்டுப்போயின.

அவள் குரல் இறங்கியது. மார்கஸ் போலந்தில் ஒரு வருஷம் ஆடினானாம், அப்புறம் ஃபிலிப்பைன்ஸ். சம்மர் லீக் அவனுக்கு இது மூன்றாவது தடவை. அவன் ரூமில் எதையும் மாற்றவில்லை, ஷூக்களைக்கூட வரிசையாகத்தான் வைத்திருக்கிறேன் என்றாள். "எனக்குப் பெரிய டீம் எல்லாம் வேண்டாம். கார் எடுத்தால் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருந்தால் போதும். டெக்சாஸ்கூட இரண்டு நாள் டிரைவ்தான். ஆனாலும் டிரைவ்தானே?"

எனக்கு மதுவின் ரூமில் சுவரில் ஒட்டியிருக்கும் காகித நட்சத்திரங்கள் ஞாபகம் வந்தன. அவள் ஊரில் இல்லாத நாலு வருஷமும் நான் அங்கே போய்ச் சும்மா ஏசி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். ஏசி எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மார்கஸைக் கடைசியில்தான் இறக்கினார்கள். தூரத்திலிருந்து போட்டது எதுவும் உள்ளே போகவில்லை. ஒன்று வளையத்தையே தொடவில்லை. ஆனால் கையை நீட்டி நீட்டி நீ இங்கே நில், நீ அங்கே போ என்று கத்திக்கொண்டே இருந்தான், விழுந்தவனை ஓடிப் போய்த் தூக்கிவிட்டான். ஆட்டம் முடிந்தது. டெனீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கள். என் பையன் எப்படி?"

நல்ல பையன். தேறமாட்டான். இதை எந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? எங்கள் பரம்பரையே என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. மிகுந்த மரியாதையோடு சொன்னேன்:

"வி வில் கோ ஹோம் அண்ட் ரைட் யூ எ லெட்டர்."

டெனீஸ் அழ ஆரம்பித்தாள். பாவம், புரிந்துகொண்டாள் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். வாங்க, அவனிடம் நீங்களே சொல்லுங்கள் என்று இழுத்துக்கொண்டு போனாள். முழங்கால் இரண்டிலும் ஐஸ் கட்டிக்கொண்டு வெளியே வந்த மார்கஸிடம், "இந்த ஜென்டில்மேன் டெக்சாஸ் டீம். உனக்கு லெட்டர் அனுப்பப் போகிறார்" என்றாள். அவன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது.

வேண்டாத நேரம் என்று ஒன்று உண்டல்லவா, அது சரியாக அங்கே வந்தது. தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து மதுவும், அவள் பார்க்க வந்த டெக்சாஸ் டீமின் நிஜமான மேனேஜரும் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். அவர் சட்டையில் டீம் பெயர் இருந்தது. டெனீஸ் பாய்ந்து போய் அவர் கையைக் குலுக்கி, லெட்டருக்கு நன்றி சொன்னாள்.

மேனேஜர் மதுவைப் பார்த்தார். மது என்னைப் பார்த்தாள்.

"அப்பா. வாட் டிட் யூ டூ?"

நான் விளக்கினேன். ஒரு மனிதன் அந்த இடத்தில் செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போனால் என்று ஆரம்பித்து, பஜ்ஜி, காபி, செருப்பு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன்.

"நீங்கள் என் பையனுக்குக் கல்யாணம் பேசினீர்களா?" என்றாள் டெனீஸ்.

"இல்லை இல்லை. லெட்டர் என்றால் வேண்டாம் என்று அர்த்தம்" என்றேன்.

 மார்கஸின் முழங்காலிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டும் சத்தம்தான் கேட்டது. மேனேஜர் இனி அவளை எடுக்கமாட்டார், என் ஆசை நிறைவேறிவிட்டது, மது இனி வீட்டிலேயே இருப்பாள் என்று ஒரு நொடி தோன்றியது. அப்படி அவள் இருந்தால் அந்த வாடிய முகத்தை என்னால் தினமும் பார்க்க முடியாது என்றும் தோன்றியது.

மது மார்கஸின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவன் கண்ணைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள். உன் ஷாட் இந்த லெவலுக்கு வராது, இனிமேல் வருமென்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நீ உள்ளே இருந்தபோது மற்ற நாலு பேரும் நன்றாக ஆடினார்கள். நீ அவர்களுக்கு இடம் சொல்லிக்கொண்டே இருந்தாய். அதை நான் எழுதியிருக்கிறேன். அதற்கு இங்கே வேலை கிடைக்காமல் போகலாம், ஆனால் கோச்சாக யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள்.

மார்கஸ் கையை எடுத்தான். கண் சிவந்திருந்தது. "மூன்று கோடையாக யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. எல்லாரும் 'வி வில் பி இன் டச்' என்றுதான் சொல்வார்கள்" என்றான்.

டெனீஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஓ. அதுதானா உங்கள் லெட்டர்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், அழுகையோடே. பிறகு கைப்பையிலிருந்து ஒரு கடை ரசீதை எடுத்து, பின்பக்கத்தில் தன் விலாசத்தை எழுதி என் சட்டைப் பையில் செருகினாள். "சொன்னது சொன்னதுதான். எழுதுங்கள்."

திரும்பி வரும்போது மது வெகு நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஃபேர்ஃபீல்டு தாண்டியதும் தோள் ஆட ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று பயந்தேன். "செருப்பு, அப்பா. யூ எக்ஸ்ப்ளெய்ண்ட் த செருப்பு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை. ஃபிரீவேயில் டிராஃபிக் என்றால் ஊரையே திட்டுகிறவன் நான். அன்றைக்கு வலது ஓரத்தில் லாரிக்குப் பின்னால் மெதுவாக வந்தேன். மது அதைக் கவனித்தாளா என்று தெரியாது.

வேலை அவளுக்குக் கிடைத்தது. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பையனிடம் உண்மையைச் சொல்லத் தெரிந்தவளை விடமாட்டேன் என்றாராம் மேனேஜர். அதாவது நான் அந்த லெட்டரைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அந்த உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்காது. என் வாயாலேயே என் பெண்ணை டெக்சாஸுக்கு அனுப்பி வைத்தேன் என்று சுமதி இன்றைக்கும் விருந்தாளிகள் வந்தால் சொல்கிறாள். மதுவை நடித்துக் காட்டச் சொல்லி நண்பர்கள் கேட்பார்கள். என் இங்கிலீஷை அவள் ரொம்ப நன்றாகவே செய்வாள்.

டெனீஸுக்கு எழுதினேன். எங்கள் குடும்பத்திலிருந்து போடறோம் என்று சொல்லி நிஜமாகவே போடப்பட்ட முதல் லெட்டர் அதுதான். உங்கள் பையன் விழுந்தவர்களைத் தூக்கிவிடுகிறான், எங்கள் பெரியப்பா இருந்திருந்தால் அந்த வீட்டில் கை நனைத்திருப்பார் என்று எழுதி, கை நனைப்பது என்றால் என்னவென்றும் கீழே விளக்கியிருந்தேன். டிசம்பரில் அவளிடமிருந்து கார்டு வரும். மார்கஸ் இப்போது ஒரேகனில் ஒரு காலேஜில் உதவிக் கோச். ஒரே நாளில் காரில் போய்விடலாம் என்று போன கார்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தாள்.

மதுவுக்கு ஃபோன் பண்ணும்போதெல்லாம் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன், வேறு வேறு மாதிரி. தீபாவளிக்கு வரியா, லாங் வீக்கெண்டுக்கு வரியா, இங்க நம்ம பே ஏரியாவுல ஏதாவது டீம் ஆள் எடுக்கறாங்களா.  அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுத்தமான தமிழில் பதில் வரும்.

"லெட்டர் போடறேம்பா."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் சிரித்துவிட்டு ஃபோனை வைப்பேன். சாயங்காலம் தெருமுனையில் இருக்கும் மெயில்பாக்ஸ் வரை நடந்து போய்த் திறந்து பார்ப்பேன். பீட்சா கூப்பன் இருக்கும், பல் டாக்டரின் விளம்பரம் இருக்கும். கையை விட்டு உள்பக்கம் கடைசி வரை ஒருமுறை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன்.