எக்ஸும் இசட்டும் தெரிந்த மாமா

வார்த்தைக்காரர் என்று மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. கவிதை கட்டுகிறவர் அல்ல, கதை சொல்கிறவரும் அல்ல. இங்கிலீஷில் எந்த வார்த்தைக்குள் எந்த எழுத்து ஒளிந்திருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவர். பல் விளக்கும் முன்பே செல்போனைத் திறந்து, எழுத்துக்கு இத்தனை பாயிண்ட் என்று எழுத்துக் கட்டம் அடுக்கும் ஆட்டத்தில் முகம் தெரியாத யாரையோ தோற்கடித்து, அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டுமென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குவார். எதிரே நீங்கள் வந்தால் அகப்பட்டீர்கள்.

“கியூ இருக்கோணும், யூ இருக்கப்படாது. ஒரு வார்த்த சொல்லுங்க பாக்கலாம்.”

நீங்கள் பால் வாங்கப் போகிறவர். உங்களுக்கு எதற்கு இந்தச் சோதனை?

எங்கள் சேர்வராயன் மலைக்கு தனபால் ஒருவரே போதும். செம்மநத்தம் காளியாயியின் இரண்டாவது மகன். மஞ்சக்குட்டையில் பெண் எடுத்தவர். காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். யாரோ ஒரு மேனேஜர் விட்டுப்போன தலையணை மாதிரி அகராதி ஒன்று அவரிடம் மாட்டிக்கொண்டது. வார்த்தை மட்டுமா, அர்த்தமும் தெரியும். கூரைக்குப் போடும் கல்பலகையை வெட்டுகிற கத்திக்கு வெள்ளைக்காரன் மூன்றே எழுத்தில் ‘ஜாக்ஸ்’ என்று பேர் வைத்திருக்கிறானாம். அதில் எக்ஸும் உண்டு, இசட்டும் உண்டு. தனபால் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்து மூன்று மழைக்காலம் ஆயிற்று.

ஒரு நாள் மளிகைக்கடை முகமது இஸ்மாயிலிடம் போய், “ஃபக்கீர்! கியூ இருக்குது, யூ இல்ல. அர்த்தம் தெரியுமாங்க பாய்?” என்று கேட்டார்.

“வெள்ளிக்கெழமயானா அவரு எங்கூட்டு வாசல்லதானுங்க நிக்கறாரு. அர்த்தம் எதுக்குங்க, அரிசி போட்டா போதும்” என்றார் இஸ்மாயில். தனபால் அசரவில்லை. அந்த இனம் அசராது.

இது வரைக்கும் சிரிப்புதான். அவருடைய கடைசித் தங்கை வேலம்மாளின் மகள் கவிப்பிரியா விஷயத்தில்தான் எங்களுக்குச் சிரிப்பு நின்றது. அவள் அப்பன் பெரியண்ணன், என் சித்தி மகன், முட்டி தேய்ந்து மிளகு பறிக்க மரம் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். ஏரிப் பக்கம் புதிதாக வந்த விடுதியில் வரவேற்பு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கிடைத்தால் அவள் வீட்டோடு இருக்கலாம். இல்லாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி. வெள்ளிக்கிழமை வேன் வரும், ஏறிவிட வேண்டியதுதான்.

“இங்கிலீஷ எங்கிட்ட உடுங்க” என்றார் தனபால்.

மூன்று நாள் பாடம் நடந்தது. ‘ரூம் ரெடி’, ‘சாவி இந்தாங்க’, இப்படி ஏதாவது சொல்லிக் கொடுங்கள் என்று வேலம்மாள் கெஞ்சினாள். “அதெல்லாம் ஒண்ணு ரெண்டு பாயிண்டு வார்த்த, தங்கச்சி. இசட்டுக்குப் பத்து!” என்றார். நான்காம் நாள் ஜீப்பில் துணைக்கு அவரும் அத்தைக்காரி நானும் போனோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எழுத்தாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளைக்குக் குமட்டியது வளைவினாலா எழுத்தினாலா, எனக்குத் தெரியாது.

விடுதி மேனேஜர் மரியா என்ற அம்மாள். கவிப்பிரியாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் வெளி பெஞ்சில் இருந்தோம்.

“நாந்தான் கெஸ்ட்டுன்னு வெச்சுக்க. ரூம்ல வெந்நி வரல. இங்கிலீஷ்ல என்ன சொல்லுவ?”

பிள்ளை வாயைத் திறந்தாள். மூன்று நாளாகத் திணித்த கியூவும் எக்ஸும் இசட்டும் வாசலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றனவே தவிர, ஒன்றும் வெளியே வரவில்லை. மரியா அம்மாள் அடுத்த ஆளின் காகிதத்தை எடுத்தார். வேன் சத்தம் என் காதிலேயே கேட்டது.

நான் பிடிப்பதற்குள் தனபால் உள்ளே பாய்ந்துவிட்டார்.

“ஜக்குஸி! சொல்லு கண்ணு! ஒரு ஜே, ரெண்டு இசட்டு! அர்த்தம், குமிழி உடற வெந்நித் தொட்டி!”

“நீங்க யாருங்க?” என்றார் மரியா அம்மாள்.

“பொண்ணுக்குத் தாய்மாமனுங்க. ட்ரெயினிங் நம்முளுதுங்க. ஏனுங்க மேடம், நீங்க சொல்லுங்க பாக்கலாம், ஜேயும் எக்ஸும்…”

கவிப்பிரியா எழுந்தாள். முகத்தில் சிரிப்பு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து மாமன் கையில் கொடுத்தாள்.

“சாரி சார். ஃபைவ் மினிட்ஸ். ஐ வில் செக் அண்ட் கம். ப்ளீஸ் சிட், சார்.”

முழங்கையை மெல்லப் பிடித்து வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தனபால் உட்கார்ந்துவிட்டார்! தண்ணீரையும் குடித்தார். அறுபத்திரண்டு வருஷத்தில் அவரைப் பாதிப் பேச்சில் நிறுத்திய ஒரே ஆள் அவள்தான். அவர் கல்யாணத்துக்கும் போனவள் நான், சொல்கிறேன்.

கதவுக்குப் பின்னால் மரியா அம்மாளின் சிரிப்பு கேட்டது. “வெந்நி இல்லீன்னா சத்தம் போட்டுட்டுப் போயிருவாங்க கண்ணு. இந்த மாதிரி ஆளுங்கதான் இங்க நொம்பப் பேரு வர்றாங்க. அவிங்களச் சமாளிக்கத்தான் ஆளு வேணும். திங்கக்கெழம வேலைக்கு வந்துரு.”

திரும்பும்போது ஜீப் முழுக்க தனபால் குரல்தான். “ஜக்குஸின்னேன் பாருங்க, அங்கதான் வேல கெடச்சுது!”

“ஆமாங்க மாமா” என்றாள் கவிப்பிரியா, வெளியே பார்த்துக்கொண்டு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வயசான பொம்பளை கிளியூர் பஸ் எங்கே நிற்கும் என்று உங்களிடம் கேட்டாளே, நீங்களும் அந்த ஊருக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று ஆதியோடந்தமாக விளக்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கடைசி வரை நின்று கேட்டாள் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னீர்களாம். அவள் வேறு என்ன செய்வாள்? பஸ் போய்விட்டிருந்தது.