ஒன்பது மணிக்கு மேல்தான் அடுப்பு

அன்று காலையும் தேசிகன் பொங்கலிடம் தோற்றுப்போனார்.

எழுந்தவுடன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஆனால் கண்ணைத் திறக்கும்போதே வத்ஸலா காபியோடு எதிரே நிற்பாள். டம்ளர் காலியாவதற்குள் நெய் ஒழுகும் பொங்கல் தட்டில் விழுந்துவிடும். வேண்டாம் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்த்து ஆயிரம் கேள்வி கேட்பாள். அதற்குச் சாப்பிட்டுத் தொலைப்பதே மேல் என்று சாப்பிட்டுவிடுவார்.

தேசிகனுக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய். எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கட்டுக்குள் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும், சோற்றோடு சேர்ந்தால் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் ஏறிவிடும் என்று விரலை ஆட்டி எச்சரித்தார்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் வத்ஸலாவிடம் சொல்லவில்லை. போன வருஷம்தான் அவளுடைய தம்பி புற்றுநோயில் போயிருந்தான். அந்த அழுகையை இன்னொரு தரம் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. எலும்புக்குச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பையன்களின் பொய்யைப் பிடித்த வாத்தியாருக்குத் தம்முடைய பொய் மட்டும் கல் மாதிரி நெஞ்சில் கிடந்தது.

எல்லாம் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது என்று நியாயம் கற்பித்துக்கொண்டு, பொங்கலுக்கு மேலேயே மாத்திரையையும் விழுங்கினார். கால் வீங்கியது. ரத்த அழுத்தம் ஏறியது. வெறும் வயிற்றில்தானே போட்டுக்கொள்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்குப் பூம்பூம் மாடு போல் தலையாட்டிவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காபி வரவில்லை. வத்ஸலா குளித்துவிட்டு, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"பெருந்தேவித் தாயாருக்கு வேண்டிண்டிருக்கேன். ஒரு மண்டலத்துக்கு ஒன்பது மணிக்கு மேலதான் அடுப்பு. காபியும் அப்புறம்தான். என்னத்துக்குன்னு மட்டும் கேக்காதீங்கோ."

தாயாரே பார்த்துச் செய்த ஏற்பாடு என்று தேசிகன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தினமும் அவள் கோயிலுக்குப் போனதும் மாத்திரையை நிம்மதியாக விழுங்கினார். கால் வீக்கம் வடிந்து, பழைய செருப்பு மறுபடி நுழைந்தது.

நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. வத்ஸலா சர்க்கரைக்காரி. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழக்கூடியவள். பொய் சொன்னவனுக்குச் சௌகரியம், பாவம், அவளுக்குப் பட்டினி என்று அவர் மனசு அறுத்தது. அவள் முகம் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே வருவதாக அவருக்குப் பட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். தம்பியின் படத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வார்.

ஆகவே உண்மையைச் சொல்லாமல் விரதத்தைக் கலைக்கக் கிளம்பினார். கோயிலிலிருந்து அவள் திரும்பும் நேரத்துக்கு ஓட்டலில் இட்லி வாங்கி வந்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட்டதில்லை. அதனால் தாமே முதலில் இரண்டு இட்லியைத் தின்று காட்டினார். மாத்திரையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருந்தார். வத்ஸலா இட்லியைத் தொடவில்லை. அவர் மாத்திரையைக் கையில் எடுத்ததும், பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பு அவள் கை பட்டுக் கவிழ்ந்தது. அவர் கொல்லைக் குழாயில் தண்ணீர் பிடித்து விழுங்கினார்.

வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரக்காரிக்கு ஓட்டல் இட்லியைக் கொடுத்தது தம்முடைய தப்புதான் என்று தோன்றியது. மறுநாள் தாமே உப்புமா கிளறினார். அடி பிடித்து, மேலே வேகாமல், நடுவில் உப்பில்லாமல் அது ஒரு தனிப் பதார்த்தமாக வந்தது. வத்ஸலா சட்டியோடு கொண்டுபோய்த் தெருவில் பசுமாட்டுக்கு வைத்தாள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

அவர் விடுவதாக இல்லை. தினமும் கிளறினார். ஒரு நாள் தட்டோடு அவள் முன்னால் உட்கார்ந்து கெஞ்சினார்.

"நான் ஒரு வாய், நீ ஒரு வாய். எனக்காகச் சாப்பிடு, வத்ஸலா."

அவள் அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நீங்க சாப்பிடாம இருந்தாலே எனக்கு வயிறு ரொம்பிடும். எனக்கு இறங்காது."

அவருடைய பிடிவாதத்துக்காக ஒரு வாய் வாங்கிக்கொண்டு, அதையும் வெகுநேரம் மென்றாள். பட்டினி கிடந்து கிடந்து வயிறு சுருங்கிவிட்டது என்று தேசிகனுக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் தாமே சாப்பிட்டு, மேலே மாத்திரையையும் போட்டுக்கொண்டார். செம்பு அன்றும் கவிழ்ந்தது.

இரண்டு வாரத்தில் கால் மறுபடி வீங்கியது. செருப்பு போட முடியவில்லை. தலை கிறுகிறுத்தது. ஆனால் அவருக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. நம்மால் இவள் செத்துப்போவாள் என்பதுதான் பயம். வெறுங்காலோடு, தாம் மாத்திரை வாங்கும் சந்நிதித் தெரு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் கலாவதி வெளியே பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பசி எடுக்கிறதுக்கு நல்லதா ஒரு டானிக் வேணும்மா. எனக்கில்லே, மாமிக்கு. விரதம் இருந்து இருந்து வயிறே செத்துப்போச்சு. ஒரு வாய் உப்புமாகூட இறங்கலே. பாவி, எல்லாம் என்னாலதான்."

கலாவதி துடைப்பதை நிறுத்திவிட்டு அவருடைய வீங்கின காலைப் பார்த்தாள்.

"மாமிக்கு எங்க சார் விரதம்? தெனம் காலையில இந்த பெஞ்சுல குந்திக்கினு எங்க வூட்டு இட்லியத்தான் துன்றாங்க, நீங்க வெறும் வயித்துல மாத்திரை போட்டுக்கணும்னு."