ஒரு சொட்டும் விழுங்காத டேஸ்டர் அண்ணன்

ஒரு சொட்டு ஒயினைக்கூடத் தொண்டைக்குக் கீழே இறக்காமல், வெள்ளை ஒயினைக் கரைத்துக் குடித்தவர் நீலகிரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டேஸ்டர் அண்ணன். இதை மறுக்க நினைக்கிறவர்கள் குன்னூருக்கு வந்து என்னோடு நேரில் சண்டை போடலாம். நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் ரிசப்ஷனில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது எங்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ ருசி பார்க்கும் வேலை செய்தவர். ஃபேக்டரி மூடியதும் எங்களிடம் வந்தார். எங்கள் ஹோட்டல் துரைமார் காலத்துப் பழைய பங்களா. எட்டு அறை, ஒரு சாப்பாட்டு ஹால், பின்னால் ஓயாமல் புகையும் சமையல்கட்டு. முதலாளியம்மா கோயம்புத்தூர்க்காரர். ஒயின் பரிமாற லைசென்ஸ் வாங்கிவிட்டார். பரிமாறத் தெரிந்த ஆள்தான் கிடைக்கவில்லை. “டீயை மோந்து பாத்து நல்லது கெட்டது சொல்றவருக்கு ஒயின் மட்டும் என்ன பெரிய விஷயமா?” என்று இவரைப் பிடித்துப் போட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒரே மாதத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அண்ணன் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒயின் பாட்டிலைத் திறக்கும்போது அவர் முகம், கோயில் நடை திறக்கும் குருக்கள் முகம் மாதிரி இருக்கும். காலை ஒன்பது மணிக்கு, வெறும் வயிற்றில், ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு ஹாலின் வடக்கு ஜன்னலோரம் நிற்பார். வடக்கு வெளிச்சத்தில்தான் நிறம் பொய் சொல்லாதாம். ஆறு கிளாஸில் ஆறு ஒயினை விரற்கடை அளவு ஊற்றி வரிசையாக வைப்பார். பிறகு ஒவ்வொன்றாக வாயில் உறிஞ்சுவார். சாதாரண உறிஞ்சல் இல்லை. காற்றும் ஒயினும் சேர்ந்து மூக்கின் பின்பக்கம் வரை ஏறும்படி, ஹால் முழுக்க அதிரும்படி ஓர் உறிஞ்சல். அப்புறம் பக்கத்திலிருக்கும் பித்தளைப் படிக்கத்தில் அத்தனையையும் துப்பிவிடுவார்.

அவர் வந்த முதல் வாரத்தில் மூன்றாம் நம்பர் அறையிலிருந்து போன் வந்தது. தேனிலவுக்கு வந்த ஜோடி. “மேடம், ஜன்னலுக்கு வெளியே காட்டெருமை மூச்சு விடுது, நாங்க கதவைப் பூட்டிக்கிட்டோம்” என்றார் மாப்பிள்ளை நடுங்கும் குரலில். குன்னூரில் காட்டெருமை வீட்டு வாசல் வரை வருவது உண்டு என்பதால் நானும் பயந்து எட்டிப் பார்த்தேன். அந்த அறைக்குக் கீழே, ஹாலில், டேஸ்டர் அண்ணன் நான்காவது கிளாஸில் இருந்தார்.

“ஏனுங்ண்ணா, இத்தனையும் துப்பறதுக்கு ஒரு வாய் முழுங்கித்தான் பாருங்களேன்” என்று ஒருநாள் சீண்டினேன்.

“இருவத்திரண்டு வருசம் டீயவே முழுங்கலீங்க அம்மிணி. இதையா முழுங்கப் போறேன்?” என்றார். வீட்டில் அவர் குடிப்பது சுக்குக் காபி மட்டும்.

எனக்கு ஒயினைப் பற்றித் தெரிந்த அத்தனையும் அவர் சொன்னதுதான். “பேருதானுங்க வெள்ளை. நெறம் பாத்தீங்கன்னா நம்ம லைட் டீ” என்று ஆரம்பிப்பார். பஜ்ஜிக்குப் புளிப்பான வெள்ளை ஒயின். “எண்ணெப் பலகாரத்துக்கு எலுமிச்சம்பழம் புழியறமில்லீங்க, அந்த வேலைய இது பாத்துக்கும்.” மிளகுக் கோழிக்கு லேசாக இனிப்புத் தொட்டது, காரத்தை அது தட்டிக்கொடுத்து உட்கார வைக்குமாம். புளிக்குழம்புக்கு மட்டும் ஜாக்கிரதை. குழம்பைவிட ஒயினில் புளிப்புக் குறைந்தால் ஒயின் வெறும் தண்ணீராகிவிடும். சாம்பாருக்கு எது சேரும் என்று ஒரு விருந்தாளி கேட்டபோது, அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு, “சாம்பார் யாரோடயும் ஒத்துப் போகாதுங்க. அதைத் தனிக்குடித்தனம் வெச்சிருங்க” என்றார். கேட்டவர் சிரித்தார். அண்ணன் எதற்குச் சிரிக்கிறார் என்பதுபோல் பார்த்தார்.

முதலாளியம்மா ஒயினுக்கென்றே தனி பிரிட்ஜ் வாங்கினார். தை மாதக் குளிரில் அண்ணன் ஜன்னல் விளிம்பிலிருந்த பாட்டில்களை எடுத்து அதற்குள் வைத்தார். குளிர வைப்பதற்கு என்று நாங்கள் நினைத்தோம். “வெளிய அஞ்சு டிகிரிங்க, பிரிட்ஜுக்குள்ள ஒம்பது. குளிர்ல இருந்து காப்பாத்தறதுக்கு உள்ள வெக்கறேன்” என்றார். அதிகமாகக் குளிர்ந்தால் வாசனை படுத்துக்கொள்ளுமாம். ஒரு தடவை கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர் ஒருவர் ஒயினில் ஐஸ் கட்டி கேட்டார். அண்ணன் அவரைத் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி பார்த்தார். “ஐயா, நீங்க குடிக்கறதே வாசத்தத்தானுங்க. அதைக் கொன்னுட்டு என்னத்தக் குடிப்பீங்க?” பெரிய மனிதர் கிளாஸைக் காம்பைப் பிடித்துத் தூக்கி மரியாதையாகக் குடித்தார்.

அப்புறம்தான் அந்தப் பெரிய காய்ச்சல் காலம் வந்தது. எங்கள் ஊரிலும் எல்லோரும் படுத்து எழுந்தார்கள். அண்ணனும் படுத்தார், எழுந்தார், ஊரடங்கு முடிந்து ஹோட்டல் திறந்ததும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். எல்லாம் பழையபடிதான் நடந்தது. உறிஞ்சல் சத்தம்கூட மாறவில்லை.

ஒருநாள் சமையல்காரர் பெள்ளி பாயசத்துக்கு அடுப்பில் வைத்த பால் தீய்ந்துவிட்டது. பெள்ளி எங்கள் பக்கத்துப் படுகர். கை நிறைய ருசி உள்ளவர், ஞாபக மறதி மட்டும் கொஞ்சம் உண்டு. ரிசப்ஷனிலிருந்த நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். அடுப்புக்கு இரண்டடி தள்ளி டேஸ்டர் அண்ணன் உட்கார்ந்து, வெகு சிரத்தையாக கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஏனுங்ண்ணா, தீயற வாசம் வரலீங்களா உங்களுக்கு?”

அவர் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். “அம்மிணி, அந்தக் கதவைச் சாத்துங்க” என்றார்.

சாத்தினேன். “நாக்கு இருக்குதுங்க. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு தெரியுது. வாசந்தான் போயிருச்சு. எல்லாருக்கும் திரும்பி வந்துது, எனக்கு வரல. வெளிய தெரிஞ்சா இந்த ஏப்ரன் போயிருமுங்க.” இதைச் சொன்னபோதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்றிலிருந்து அவருக்கு மூக்கு நான். சாமான் வைக்கும் பேன்ட்ரியில் கதவைச் சாத்திக்கொண்டு நான் மோந்து பார்த்துச் சொல்வேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். ஒயினைப் பற்றிப் பேசும் படித்த வார்த்தை எதுவும் எனக்குத் தெரியாது. “கொய்யாக்கா கடிச்ச மாதிரி இருக்குதுங்ண்ணா. அப்புறம் பச்சை மொளகா காம்பு கிள்ளுன வாசம்” என்பேன். “காம்பா, மொளகாயா? சரியாச் சொல்லுங்க.” “காம்புதானுங்ண்ணா.” உடனே ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, “இது பெள்ளியோட கொத்தமல்லிக் கோழிக்கு” என்று தீர்ப்புச் சொல்வார். எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு விருந்தாளிகூட முகம் சுளிக்கவில்லை.

ஐப்பசியில் சென்னையிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். சாப்பாட்டையும் ஒயினையும் ஜோடி சேர்த்து ருசி பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிற கூட்டம். மதிய விருந்து, நான்கு பதார்த்தம், நான்கு வெள்ளை ஒயின். முதலாளியம்மா அண்ணனைக் கூப்பிட்டு, “இது மட்டும் நல்லபடியா நடந்துட்டா மாசாமாசம் வெச்சரலாம். நீங்களும் கடைசி வரைக்கும் இங்கயே இருந்துக்கலாம்” என்றார். அதுவரை அவர் தற்காலிகம்தான். அண்ணன் அன்று ஏப்ரனுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்தார்.

மூன்றாவது பாட்டில் வெளிநாட்டுச் சரக்கு, முதலாளியம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்தது. எங்களுக்கு வழக்கமாக நாசிக்கிலிருந்து வருவதெல்லாம் திருகு மூடி. இது கார்க் அடைத்தது. ஊற்றி மோந்து பார்த்தேன். பேரிக்காய் வாசம் லேசாக வந்தது. அதற்கு மேலே நனைந்த அட்டைப்பெட்டி வாசம்.

“வேற ஏதாச்சும் வருதுங்களா?” என்று கேட்டார்.

ஐப்பசி மழையில் குன்னூரில் எதில்தான் அந்த வாசம் இல்லை? போர்வையில் இருக்கிறது, பீரோவில் இருக்கிறது, ரிசப்ஷன் நோட்டில் இருக்கிறது. பேன்ட்ரி முழுக்க ஈர அட்டைப்பெட்டிகள்தான். அதைப் போய் ஒயின் கணக்கில் சேர்ப்பானேன் என்று, “இல்லீங்ண்ணா, பேரிக்கா மட்டுந்தான்” என்றேன். அவர் நாக்குக்கு அது தெரியவில்லை. வஞ்சிர மீன் வறுவலோடு அந்த ஒயின் ஹாலுக்குப் போனது.

கூட்டத்தின் தலைவர் வழுக்கைத் தலையர் ஒருவர். ஒரு துண்டு மீன், ஒரு வாய் ஒயின். உடனே துணியை எடுத்து வாயைத் துடைத்தார். “மீன் பழசு போலிருக்கே. என்னமோ முடை வீசுது” என்றார். இன்னும் நாலு பேர் தலையாட்டினார்கள். முதலாளியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “பெள்ளி! இங்க வா. எப்ப வாங்குன மீன் இது?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற மனிதர் கரண்டியோடு வந்து நின்று, “காலைலதாங்கம்மா” என்றார்.

டேஸ்டர் அண்ணன் ஜன்னலோரம் நின்றிருந்தார். அந்த மீன் வந்து இறங்கியபோது செவுளைத் தூக்கிப் பார்த்தவர் அவர்தான். சும்மா நின்றிருந்தால் போதும், பழி பெள்ளியோடு போயிருக்கும். அவர் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். “அம்மிணி, இப்ப மோந்து பாருங்க” என்றார் மெதுவாக.

ஹாலில் பேன்ட்ரி ஈரம் இல்லை. வாசம் கிளாஸில் இருந்தது. “நனைஞ்ச அட்டைப்பெட்டிங்ண்ணா” என்றேன்.

கார்க் கெட்ட ஒயினில் அந்த வாசம்தான் வரும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவர் தலையாட்டிவிட்டு விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுக்கோணுமுங்க. மீன் மேல ஒரு குத்தமுமில்லீங்க. இந்த பாட்டில்ல கார்க்கு ஒயினைக் கெடுத்துருச்சு. ஊத்தறதுக்கு முன்னாலயே நான் கண்டுபிடிச்சிருக்கோணும். எனக்கு வாசம் தெரியாதுங்க. அந்தக் காய்ச்சல் வந்ததுல இருந்தே.”

என் பெயரை அவர் சொல்லவேயில்லை.

வழுக்கைத் தலையர்தான் முதலில் பேசினார். “முதல் ரெண்டு ஒயினும் அவ்வளவு பொருத்தமா இருந்துதே. அதெப்படிங்க?”

“ஞாபகத்துலதானுங்க.”

“அப்போ இந்த மீனுக்கு எது?”

அண்ணன் உள்ளே போய் ஒரு திருகு மூடி நாசிக் பாட்டிலை எடுத்து வந்தார். பன்னிரண்டு கிளாஸையும் மாற்றி ஊற்றினார். பன்னிரண்டு பேரும் பெள்ளியிடம் இரண்டாம் தடவை மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அவர்கள் கிளம்பியதும் முதலாளியம்மா அண்ணனைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை. “வாசம் தெரியாத ஆளு ஒயின் ஊத்தறார்னு வெளிய பேசுவாங்கண்ணா. நீங்க தோட்டத்தைப் பாத்துக்கங்க” என்றார்.

“வேண்டாமுங்க. பூவுக்குப் பக்கத்துல போயி மரக்கட்டையாட்ட நிக்கறதுக்கு எனக்கு மனசு வரலீங்க.” ஏப்ரனை நாலாக மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, தேவாலாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பஸ் ஏறும் வரை என்னிடம் அந்த அட்டைப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னையும் அனுப்பிவிடுவார் என்று பார்த்தால், “அப்ப உன்ற மூக்குதான் எட்டு மாசம் வேலை பாத்துச்சா? இனி ஒயினை நீயே பாத்துக்க” என்று ஏப்ரனை என் கையில் கொடுத்துவிட்டார். நான் என்னத்தைப் பார்ப்பது? பேன்ட்ரிக் கதவைச் சாத்திக்கொண்டு தேவாலாவுக்குப் போன் போடுவேன். இங்கே நான் மோந்து சொல்ல, அங்கிருந்து அவர் ஜோடி சேர்த்துச் சொல்வார். முதலாளியம்மா வாரப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஒயின் பேச்சு முடிந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. “எங்க ஊடு டீ ஃபேக்டரியை ஒட்டித்தானுங்க அம்மிணி. மிசின் சத்தம் கேட்டுட்டே இருக்குது. வாசம் ஊட்டுக்குள்ள வரைக்கும் வருதுன்னு மக சொல்லுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கே குடையை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்து ஃபேக்டரிக்கு நடந்தேன். அரைத்த இலையைப் பரப்பிப் புளிக்க வைத்திருக்கும் அறை வாசலில் நின்று போன் போட்டேன். “பச்சை வாசம் போயிருச்சுங்ண்ணா. ஆப்பிள் தோல் சீவுன மாதிரி ஒண்ணு வருது. அது பின்னால கொஞ்சமா ரோஜாப்பூ. நெறம் செம்புக் காசாட்ட இருக்குது.”

“ஏனுங்க அம்மிணி, இன்னும் நிக்க வெச்சிருக்கறாங்களா? பக்குவம் வந்துருச்சுங்க. உடனே ட்ரையருக்குள்ள போடச் சொல்லுங்க, கெட்டுரும்” என்றார் பதறிப்போய்.

உள்ளே போய்ச் சொன்னேன். அங்கிருந்த மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்டார். எங்க அண்ணன் சொன்னாருங்க, என்றேன்.