ஒரு நூல் உசரம்

“ஏனுங்க, புதுக் கேபின் தலையத் தூக்கிட்டு நிக்குதுங்க” என்றாள் மனைவி சித்ரா, கடலை உரித்துக்கொண்டே.

அருணகிரிக்குச் சுருக்கென்றது. நாமக்கல் பட்டறையில் இருபது வருடமாக லாரிக்கு பாடி கட்டுகிற மனிதர். தன் கண்ணுக்குத் தப்பியது கடலை உரிக்கிறவள் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும்?

சாப்பாட்டு மேசை மேல் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் ரயில் இன்ஜின் ஒன்றின் மாதிரி நின்றது. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. நிஜ இன்ஜினுக்கு முதலில் ஒரு முனையில்தான் டிரைவர் கேபின். பிறகு ரயில்வே ஷெட்டில் அறுத்துப் பிரித்து, மறுமுனையிலும் ஒரு கேபின் வைத்து மாற்றிக் கட்டினார்கள். அப்படி வேறொன்று கிடையாது, கடையிலும் கிடைக்காது. அதனால் ஆறு மாதமாகத் தகடு வெட்டித் தானே செய்துகொண்டிருந்தார். அகப்பட்ட போட்டோ எல்லாம் பழைய கேபின் பக்கம்தான். புதுக் கேபினை உத்தேசமாகக் கட்டினார்.

“ஒரு நூலுதான் கூட. பட்டறையில ஒரு நூலெல்லாம் ஒரு கணக்கா?”

நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சித்ரா செல்போனில் தட்டிப் பார்த்தாள்.

“எண்பத்தேழால பெருக்குனா பதினோரு அங்குலம் வருதுங்க. டிரைவர் தலை மேல இன்னொரு ஆளு உக்காந்துக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் மாதிரி ரயில்களின் கண்காட்சி. பார்க்க வருகிறவர் சென்னிமலை. அந்த இன்ஜினை மாற்றிக் கட்டிய ஷெட்டில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் ஒருவர் வைத்திருந்த வெளிநாட்டு இன்ஜினைப் பார்த்து, “பொம்ம நல்லாருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த வாயால் ‘இன்ஜின்’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அருணகிரிக்குப் பரிசே வேண்டாம்.

அரத்தை எடுத்து ராவினார். ராவி முடித்துப் பார்த்தால் அரை நூல் குறைச்சல்.

“இப்ப டிரைவர் குனிஞ்சு ஓட்டோணுங்க.”

“செத்த சும்மா இரு புள்ள!”

குறைந்ததைக் கூட்டப் பட்டறைக்காரருக்குத் தெரியாதா? கூரை மேல் ஒரு தகட்டை ஒட்டுப் போட்டார். தகடு நீண்டு ஜன்னலை மறைத்தது. வெட்டினார், கோணிக்கொண்டது. கோணலை மறைக்கக் குண்டூசித் தலைகளை ரிவெட் மாதிரி வரிசையாகப் பதித்தார். ஆறு போதும். ஆனால் சந்தேகமான இடத்தில் மூன்று கூட அடிப்பது பட்டறை வழக்கமாயிற்றே, கை ஒன்பதில்தான் நின்றது. பச்சை பெயிண்ட் தீர்ந்துபோக, லாரிக்கு வாங்கிய பச்சையை அடித்தார். அது காய்ந்ததும் கறுத்தது. அதை மறைக்க இன்னும் இரண்டு பூச்சு.

சித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் முகம் வாடியதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“ஒண்ணுமில்லாத தகட்டுல சக்கரம் வெச்சு ஓட வெச்சிருக்கீங்க. யாருங்க செய்வா இத? கொண்டு போங்க. அந்தப் பக்கத்தச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சுருங்க, அவ்வளவுதான்.”

கண்காட்சியில் அப்படியே வைத்தார். சென்னிமலை வந்தார். பழைய கேபின் பக்கம் குனிந்து வெகு நேரம் பார்த்தார். தலையை ஆட்டினார். அருணகிரிக்கு உயிர் வந்தது.

அடுத்த நிமிடம் அவர் இன்ஜினைத் தூக்கித் திருப்பிவிட்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒட்டுத் தகட்டைத் தடவினார். நகத்தால் தொட்டு எண்ணினார். “ஏழு, எட்டு, ஒம்பது...” அவர் முகம் சிவந்துபோயிற்று.

“ஐயா, தெரியாம...” என்று ஆரம்பித்தார் அருணகிரி.

சென்னிமலை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

“அன்னிக்கு ஷெட்டுல நாங்களும் இப்படித்தான் ஒசரமா வெச்சு, அறுத்து, ஒட்டுப் போட்டு, சந்தேகத்துக்கு மூணு ரிவெட்டும் அடிச்சுட்டு, நம்ம இன்ஜினோட இந்தப் பக்கத்த ஒருத்தரையும் போட்டோ எடுக்க உட்டதில்லைங்களே... உங்களுக்கு யாருங்க தம்பி காட்டிக் குடுத்தது?”