கண்ணை மூடிக் கட்டிய நகரம்

மாநகராட்சிக் கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. குடிநீர்க் குழாய் உடைந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள்கூட முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்கால நகரத்துக்குத் திட்டம் தயார். கூரையெல்லாம் சூரியத் தகடு, தெருவெல்லாம் நிழல் மரம், சைக்கிளுக்குத் தனிப்பாதை. ஒரே ஒரு குறைதான். பூமி மூச்சுவிட வேண்டுமாம். அதைக் கண்டுசொல்ல வந்தவர் மூச்சு மகான்.

மேசைமேல் அட்டையில் செய்த குட்டி நகரம். மகான் கண்ணை மூடி அதன்மேல் கையை மிதக்கவிடுவார். பூமிக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் கை நடுங்கும். அந்த இடத்தை இடித்துவிட வேண்டும். முதல் நாள் சைக்கிள் கடைத் தெருவில் நடுங்கியது. சைக்கிள் நகரத்தில் சைக்கிள் கடைக்கு இடமில்லை. அங்கே அடுக்குமாடி கட்ட மகானின் மச்சான் வருஷக்கணக்காக அலைவது பூமிக்கும் தெரிந்திருக்கிறது போலும்.

கடைக்காரர் பக்தியோடு ஸ்பானர்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பிழைப்பே அதானே மாமா. அக்காவும் பிள்ளைங்களும் எங்க போவாங்க?" என்றாள் அவருடைய மச்சினி. அட்டை நகரத்தைச் செய்த பொறியாளர் அவள்தான்.

"பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்மா."

இடிக்கும் உத்தரவில் மேயர் கையெழுத்துப் போடுமுன் மகான் இன்னொரு தடவை பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. அவர் கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தார். பொறியாளர் உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தைப் பார்த்தாள். மேசைக்குச் சக்கரம் உண்டு. சத்தமில்லாமல் அரைவட்டம் திருப்பினாள். சாமிக்குத் தெரியாததா என்று பக்தர்களும் பேசாமல் இருந்தார்கள்.

கை முதல் நாள் போன பக்கமே மிதந்தது, இறங்கியது, நடுங்கியது.

"இங்கதான். மூச்சு முட்டுது. உடனே இடிங்க."

"அது என் வீடுய்யா," என்றார் மேயர்.

மகான் கண்ணைத் திறந்தார். "மூச்சு... இடம் மாறியிருக்கு."

"சரி, இன்னொரு தடவை திருப்பறேன். இப்ப எங்க இருக்குன்னு கண்ணை மூடிச் சொல்லுங்க," என்றாள் பொறியாளர்.

மகானுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். வழியை மட்டும் கண்ணைத் திறந்தே பார்த்துக்கொண்டார்.

மேயர் பேனாவை மூடினார். "ஒரு வீட்டை இடிக்கறதுன்னா நல்லா யோசிக்கணும் இல்லியா?"

"ஒரு தெருவையே இடிக்கறதுன்னா?" என்று கேட்டாள் பொறியாளர். மேயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்காரர் மட்டும் மூட்டையைக் கீழே வைக்காமல் நின்றார். "அப்ப அந்த மூச்சு எங்கதாம்மா இருக்கு?"

"உங்க மூக்குல இருக்கு மாமா. மூளைக்கும் கொஞ்சம் அனுப்புங்க."