சொல்லாத விண்ணப்பம்

நாவல் எழுதும்படி கர்த்தர் தன்னை அழைத்திருப்பதாக டெல்மர் அறிவித்தது ஒரு சனிக்கிழமை காலை, சரியாக அவர் மனைவி லவோன் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்திய நேரத்தில். கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் மேப்பிள் சருகு அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் தண்ணீர் நேரே சமையலறை ஜன்னலில் கொட்டியது. அதைச் சுத்தம் செய்யச் சொல்லி அவள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கர்த்தர் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"மெல்லிய சத்தம்தான். ஆனா தெளிவா கேட்டுச்சு."

"நான் ரெண்டு வருஷமா தொண்டை கிழியக் கூப்பிடறேன். அது மட்டும் கேக்கல."

ஊழியக்காரன் வீண் வாக்குவாதத்தில் இறங்கக் கூடாது. டெல்மர் மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இண்டியானா முழுக்க முப்பது வருஷம் சுற்றி விதைச்சோளம் விற்றவர். வார்த்தைக்குப் பஞ்சமா என்ன? குளிர்காலம் முடிவதற்குள் இருநூற்றெண்பது பக்கம், அத்தனையும் பென்சிலில். பொய்யாக எழுதவில்லை, எழுதும்போது உண்மையாகவே கண் கலங்கினார். கதாநாயகன் ஜோனா நல்ல விசுவாசி, பொறுமைசாலி, விதை வியாபாரி. அவனுக்கு வாய்த்தவள் வெர்னா. சரியான வாயாடி. இறைச்சி ரொட்டியைக் கருக்குவாள், ஏணி ஏணி என்று உயிரை வாங்குவாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள்மேல் இடி விழுகிறது. பத்தாம் அத்தியாயத்தில், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் சாந்தமான விதவையை ஜோனா கல்யாணம் செய்துகொள்கிறான்.

இதை லவோனிடம் கொடுத்து டைப் அடிக்கச் சொல்ல முடியுமா? சர்ச் அலுவலகத்தில் டைப் அடிக்கும் பெர்னிஸிடம் ரகசியமாகக் கொடுத்தார். மூன்று வாரத்தில் கட்டு தயாராகி வந்தது. கர்த்தர் கொடுத்த கதையில் திருத்த என்ன இருக்கிறது என்று, பிரித்துக்கூடப் பார்க்காமல் கிறிஸ்தவ நாவல்கள் போடும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் மேஜைக்கு இறைச்சி ரொட்டி வந்தது. ஓரம் கருகியிருந்தது. அப்போதுதான் டெல்மர் யோசித்தார். புத்தகம் வந்தால் லவோன் படிப்பாள். சர்ச் மொத்தமும் படிக்கும். அங்கே நிஜமாகவே ஆர்கன் வாசிக்கும் விதவை அம்மாளும் படிப்பார். போன வருஷம் அவர் நிமோனியாவில் கிடந்தபோது, பதினோரு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள் இந்த லவோன்தான். அந்த நாற்காலி தன் நாவலில் எங்கும் வரவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கத்தோடு தட்டைத் தள்ளிவைத்தார்.

அவர்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், வெளியே சொல்ல முடியாத கஷ்டம் உள்ளவர்கள் கையை உயர்த்தி "சொல்லாத விண்ணப்பம்" என்றால் போதும். என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். ஒரு கண்ணைத் திறந்து யூகிப்பார்கள். அந்தப் புதன்கிழமை டெல்மர் கை தூக்கினார். தன் கதை திரும்பி வர வேண்டும் என்று சபையையே ஜெபிக்க வைத்த எழுத்தாளர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது. "எனக்கும் ஒண்ணு இருக்கு பாஸ்டர். சொல்லாதது," என்றாள் லவோன்.

டெல்மர் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வியாழக்கிழமை காலை வாசலில், சர்ச்காரர்கள் ஆறுதலுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போன நான்கு பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. வியாதி என்று பாதிப்பேரும் விவாகரத்து என்று மீதிப்பேரும் முடிவுகட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் அந்த ஊரில் மீன் போட்ட நூடுல்ஸ்தான்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. டெல்மர் தபால்பெட்டிக்கு ஓடுவதற்குள் லவோன் உறையைப் பிரித்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். நாவலை மகிழ்ச்சியோடு வெளியிடுகிறார்களாம். டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி வெர்னா மறக்க முடியாத பாத்திரமாம். நோயாளிக் கணவன் பக்கத்தில் பதினோரு நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காட்சியில் அலுவலகமே அழுததாம்.

டெல்மர் கண்ணைத் திறந்தார். "நாற்காலியா?"

"பெர்னிஸ் மார்ச்ல பனியில வழுக்கி மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டா. உன் கதையை யார் டைப் அடிச்சதுன்னு நெனச்ச?"

"அப்ப அந்த இடி?"

"கோழிக்கூட்டு மேல விழுந்துச்சு. வெர்னா கொடியில துணி எடுக்கப் போயிருந்தா."

"அந்த விதவை?"

"பிரேசிலுக்கு மிஷனரியா அனுப்பிட்டேன். நல்ல அம்மா, பாவம்."

வாரக்கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. டெல்மர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அப்படியொரு நிம்மதி. "என்னை மன்னிச்சுடு லவோன்."

"அதெல்லாம் பதிமூணாம் அத்தியாயத்துலயே முடிஞ்சுபோச்சு. முட்டி போட்டுக் கேட்ட," என்று அவர் தலையைத் தடவிவிட்டு, கடிதத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

கிறிஸ்தவ வாசகர்கள் எழுத்தாளரின் வாழ்க்கையையே சாட்சியாகப் பார்ப்பவர்களாம். அதனால் மனந்திரும்பிய ஜோனா கடைசி அத்தியாயத்தில் செய்வதையே ஆசிரியரும் செய்யும் புகைப்படம் ஒன்று பின் அட்டைக்கு வேண்டுமாம்.

"கடைசி அத்தியாயத்துல ஜோனா என்ன செய்யறான்?" என்று டெல்மர் மெதுவாகக் கேட்டார்.

சனிக்கிழமை காலை அவர் ஏணியின் உச்சியில், முழங்கைவரை அழுகிய சருகோடு நின்றார். கீழே லவோன் கேமராவோடு நின்றாள். அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"அன்னிக்கு நீயும் கை தூக்கினியே, உன் விண்ணப்பம் என்னன்னு சொல்லவே இல்லையே."

"சொல்லாத விண்ணப்பத்தை யாரும் கேக்கக் கூடாது டெல்மர்," என்றாள் லவோன். "அந்தக் கடைசி மூலையையும் வழிச்சு எடு."